ஓடுகிறவர் நம்மிடம் கேட்பது

வலது கால் பொய்க்கால். அது தரையில் ஊன்றி மறுபடி முன்னே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஈடுகட்ட, நல்ல காலான இடது கால் ஒரு முறைக்கு இரண்டு முறை தத்த வேண்டும். தத்து, தத்து, ஊன்று. மறுபடியும் தத்து, தத்து, ஊன்று. 1980 ஏப்ரல் 12 அன்று, கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில், பொய்க்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு டெரி ஃபாக்ஸ் இப்படித்தான் ஓடத் தொடங்கினார். வயது 21. மேற்கே பசிபிக் கடல் வரை சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது அவர் திட்டம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர்.

143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அதற்கு மேல் முடியவில்லை. காலை வாங்கிய நோய் நுரையீரலுக்கு ஏறியிருந்தது.

புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டே நெடுந்தூரம் ஓடி, பிறருக்காக நிதி திரட்டியவர்கள் அவருக்குப் பின் பல நாடுகளில் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போது கண் கலங்குகிறது. கலங்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் கண்ணீர் காய்ந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவர்கள் ஏன் ஓடினார்கள்? அந்தப் பணம் என்ன செய்தது? நோயுற்ற உடல் இதைத் தாங்குமா? சாலையோரம் நின்று கைதட்டும் நமக்கு இதில் என்ன பொறுப்பு?

மூன்று ஓட்டங்கள், மூன்று நிலைகள்

"புற்றுநோயோடு ஓடியவர்கள்" என்று ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். ஒவ்வொருவரும் நின்ற இடம் வேறு.

டெரிக்கு 1977 மார்ச்சில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முழங்காலுக்கு மேலே 15 சென்டிமீட்டர் வரை வலது காலை எடுத்தார்கள். பிறகு 16 மாதம் கீமோ சிகிச்சை. கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் அவர். அறுவைக்கு முந்தைய இரவு அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் ட்ராம் பற்றிய கட்டுரை அது. விதை அன்று விழுந்தது. அதை முளைக்கவைத்தது சிகிச்சை வார்டு. தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் அங்கே வேதனைப்படுவதை அவர் பார்த்தார். பிழைக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் அது 15 சதவீதமாக இருந்தது என்றும் சொன்னார்கள். இடையில் நடந்த ஆராய்ச்சிதான் அந்த வித்தியாசம். இந்தக் கணக்கு அவர் மனதில் தங்கிவிட்டது. வெளியே வந்தபின் 14 மாதம் பயிற்சி செய்து, 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகினார். நோய் போய்விட்டது என்று நம்பித்தான் கடலில் கால் நனைத்தார்.

இங்கிலாந்தின் ஜேன் டாம்லின்சனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை வைத்துக்கொள்ள இடமே இருக்கவில்லை. 26 வயதில் மார்பகப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் போனபின், 2000-இல் நோய் உடலில் பரவித் திரும்பியது. இனிக் குணமாகாது, சில மாதங்கள்தான் என்றார்கள். அவர் எக்ஸ்ரே துறையில் பணியாற்றியவர், லீட்ஸ் பகுதியில் வாழ்ந்த மூன்று பிள்ளைகளின் தாய். 2002-இல் லண்டன் மாரத்தான் ஓடினார். 2004-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் முழு அயர்ன்மேன் போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2006-இல் அமெரிக்காவைக் குறுக்காக சைக்கிளில் கடந்தார். 2007 செப்டம்பரில், 43 வயதில் இறந்தார். அதற்குள் 18 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியிருந்தார். மருத்துவம் கொடுத்த சில மாதக் கெடு ஏழு ஆண்டாக நீண்டது. ஓடியதால் நீண்டது என்று யாரும் சொல்ல முடியாது. நீண்ட காலத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதைத்தான் சொல்ல முடியும்.

மூன்றாமவர் ஃப்ரெட் லெபோ. ருமேனியாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். 1970-இல் சென்ட்ரல் பார்க்கில் 127 பேரோடு தொடங்கிய நியூயார்க் மாரத்தானை உலகப் புகழ்பெற்ற பந்தயமாக வளர்த்தவர். 1976 முதல் அது நகரின் ஐந்து பகுதிகள் வழியாகவும் ஓடுகிறது. அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானோரை ஓடவைத்தவர் தான் மட்டும் ஓடியதில்லை. 1990-இல் மூளையில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1992 நவம்பர் 1 அன்று, 60 வயதில், தான் வளர்த்த பந்தயத்தில் தானே ஓடினார். புற்றுநோய்க்கு நிதியும் திரட்டினார். 5 மணி 32 நிமிடம் 34 வினாடி. இரண்டு ஆண்டு கழித்து இறந்தார்.

நோய் உள்ளே இருப்பது தெரியாமல் ஓடியவர், தீராது என்று தெரிந்தே ஓடியவர், சிகிச்சை தந்த இடைவெளியில் ஓடியவர் என்று மூவரும் மூன்று நிலை. மூவருக்கும் பொதுவானது ஒன்று. நோயாளி என்றாலே வாங்குகிறவர் என்று ஊர் நினைக்கிறது. மருந்து, அனுதாபம், பழக்கூடை எல்லாம் வாங்கிக்கொள்கிறவர். கட்டிலைச் சுற்றி நின்று மற்றவர்கள் பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மூவரும் கொடுக்கிற இடத்துக்கு வந்து நின்றார்கள். ஓட்டம் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி.

தலைக்கு ஒரு டாலர்

தொடக்கத்தில் டெரியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பனி, மழை, எதிர்க்காற்று, ஆளில்லாத நெடுஞ்சாலை. பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட் வேன் ஓட்டிச் செல்ல, பின்னால் இவர் ஓடினார். நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூருக்கு வந்தபோது நிலைமை மாறியது. சுமார் 10,000 பேர் வாழும் ஊர் அது. ஊரார் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கையில் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர். அன்றைய கனடாவின் மக்கள்தொகை 2 கோடியே 40 லட்சம். ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்ற இலக்கு பின்னர் பிறந்தது.

செப்டம்பர் 1 அன்று அவர் நின்றபோது கையில் இருந்தது 17 லட்சம் டாலர். அடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக ஒரு கோடி டாலருக்கு மேல் வந்தது. 1981 பிப்ரவரியில் தொகை 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. இலக்கு நிறைவேறியதை அவர் உயிரோடு பார்த்தார். அதே ஆண்டு ஜூன் 28-இல், 23-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார்.

பணத்தைவிட அவர் வைத்த நிபந்தனைகள் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தன் ஓட்டத்தை எந்த நிறுவனமும் விளம்பரமாக்கிக்கொள்ள அவர் அனுமதிக்கவில்லை. காலணியும் வண்டியும் எரிபொருளும் நிறுவனங்கள் கொடுத்தவைதான். அதற்கு மேல் தன்னால் யாரும் லாபம் பார்க்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் ஃபோர் சீசன்ஸ் ஓட்டல் குழுமத்தை நிறுவிய இசடோர் ஷார்ப். தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். 1981 செப்டம்பரில் நடந்த முதல் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் திரட்டினார்கள். இதுவரை சேர்ந்த தொகை 80 கோடி டாலருக்கு மேல். அந்த ஓட்டத்தில் முதல் பரிசும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம்.

தொண்டுக்காக ஓடும் பழக்கம் உலகின் பல இடங்களில் அந்த 1980-களில் வேர்பிடித்தது. 1985-இல் அமெரிக்காவின் டகோமா நகரில் அறுவை மருத்துவர் கார்டி கிளாட் ஓட்டப்பாதையை 24 மணி நேரம் தனியாகச் சுற்றி 27,000 டாலர் திரட்டினார். 'ரிலே ஃபார் லைஃப்' அப்படித்தான் பிறந்தது. 1988-இல் ரத்தப் புற்றுநோய் வந்த தன் சிறு மகளுக்காக புரூஸ் கிளீலண்ட் என்ற தகப்பன் 38 பேரைச் சேர்த்துக்கொண்டு நியூயார்க் மாரத்தானில் ஓடினார். 'டீம் இன் டிரெய்னிங்' இயக்கம் அதிலிருந்து வந்தது. 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் வழியாக இதுவரை 100 கோடி பவுண்டுக்கு மேல் பல தொண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பணம் கொடுக்க யாரோ ஒருவர் ஏன் ஓட வேண்டும்? சும்மா கேட்டாலே கொடுக்கலாமே? இந்தக் கேள்வியை ஆராய்ந்த உளவியலாளர்கள் கிறிஸ்டோஃபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுகமான விருந்து வைத்து நிதி கேட்பதைவிட, உடல் வருத்தி ஒரு செயலைச் செய்து கேட்கும்போது மக்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள். பட்ட பாடு கொடைக்கு ஒரு பொருளைத் தருகிறது. நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று பழனிக்குக் கால்நடையாகப் போகிற தாயைப் பார்த்தவர்கள் நாம். இன்னொருவருக்காக உடலை வருத்திக்கொள்வதன் கனம் நமக்குத் தெரியும்.

உடல் என்ன சொல்கிறது?

ஒருகாலத்தில் புற்றுநோயாளிக்கு மருத்துவர்கள் சொன்னது ஓய்வு மட்டுமே. நம் வீடுகளில் இன்னும் அதுதான் சட்டம். "பேசாம படு, எழுந்திரிக்காதே" என்று அன்போடு அதட்டுவோம். சிகிச்சைக் காலத்தில் ஒரு சொம்பு தண்ணீர்கூட எடுக்க விடமாட்டோம். அன்பு உண்மைதான். ஆனால் தொடர்ந்து படுத்திருக்கும் உடலில் தசை கரைகிறது, மூச்சு குறைகிறது, அந்தச் சோர்வு மேலும் படுக்கவைக்கிறது.

1980-களிலிருந்து இந்தப் பார்வை மெல்ல மாறியது. மாற்றத்தின் மிகப் பெரிய சான்று 2025 ஜூனில் வந்தது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த 'சேலஞ்ச்' என்ற ஆய்வு அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மையை விளக்கும் கையேடு மட்டும். மற்றதற்குப் பயிற்றுநர் துணையோடு மூன்று ஆண்டுத் திட்டமிட்ட பயிற்சி. ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மறுபுறம் 83.2. ஒரு மருந்து இந்தப் பலனைத் தந்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

ஆனால் அந்தப் பயிற்சி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வாரம் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடந்தாலே எட்டிவிடக்கூடிய அளவு. மாரத்தான் அல்ல, அயர்ன்மேனும் அல்ல. அந்த அளவிலேயே தசை, மூட்டு வலிகள் பயிற்சிக் குழுவில் சற்றுக் கூடுதலாக வந்தன. ஆகவே நடை நல்லது என்பதற்குச் சான்று உண்டு. நெடுந்தூரப் பந்தயம் நோயை விரட்டும் என்பதற்குச் சான்று இல்லை.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்றவை பாதத்தின் உணர்வை மழுங்கடிக்கும். கல் குத்தியது தெரியாது, கால் பிசகும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் கூட்டத்துக்குள் போனால் தொற்று. ரத்தசோகையில் மேடேறினால் தலைசுற்றல். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் ஓட்டத்தின் அதிர்வே எலும்பை முறிக்கலாம். டெரிக்கும் இதயத்தின் இடது அறை பெருத்திருப்பது தெரிந்திருந்தது. ஏதாவது அறிகுறி வந்தால் உடனே நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே மருத்துவர்கள் சம்மதித்தார்கள். காலை எடுத்த இடத்தில் பொய்க்கால் உரசிப் புண்ணாகி ரத்தம் கசிந்தது, நீர்க்கட்டிகள் வந்தன. இவற்றைச் சகித்துக்கொண்டது அவர் முடிவு. அதை வேறு யாருக்கும் மருத்துவ ஆலோசனையாகச் சொல்லக்கூடாது. ஓட விரும்பும் நோயாளி முதலில் பேச வேண்டியது தன் புற்றுநோய் மருத்துவரிடம்.

கைதட்டலின் எடை

1980 செப்டம்பர் 1, ஒன்டாரியோ மாகாணத்தின் தண்டர் பே நகருக்கு அருகே ஒரு நெடுஞ்சாலை. ஓடிக்கொண்டிருந்த டெரிக்கு இருமல் பிடித்தது, நெஞ்சில் வலி. நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. சாலையோரம் திரண்டிருந்தவர்கள் உரக்க உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக மறுபடி ஓடினார். இன்னும் சில மைல் போன பிறகு மூச்சு வாங்கியது, வலி நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போகலாம் என்று டக்கிடம் சொன்னார்.

அந்தச் சில மைல்கள் என்னை வெகுநாள் உறுத்தியிருக்கின்றன. கைதட்டியவர்கள் நல்லவர்கள். அவருக்கு வலிப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் நுரையீரலில் கட்டியோடு ஒரு பிள்ளை மேலும் சில மைல் ஓடியதற்கு அந்தக் கைதட்டலும் ஒரு காரணம். நம் பாராட்டுக்கு எடை உண்டு. அதைச் சுமப்பவர் நோயாளி.

"போராளி", "வென்று காட்டினார்", "மன உறுதி இருந்தால் புற்றுநோய் ஓடிவிடும்" என்று நாம் பேசும் பேச்சும் அதே எடைதான். மன உறுதி வென்றால், இறந்தவர்களுக்கு உறுதி குறைவா? டெரிக்குக் குறைவா, ஜேனுக்குக் குறைவா? அமெரிக்க ஓட்ட வீராங்கனை கேப்ரியேல் க்ரூன்வால்ட் 2009 முதல் அரிய வகைப் புற்றுநோயோடு வாழ்ந்தார். 2014-இல் உள்ளரங்க 3,000 மீட்டரில் தேசியப் பட்டம் வென்றார். ஈரல் அறுவையின் நீண்ட தழும்பு வயிற்றில் தெரியப் பந்தயத்தில் நின்றார். 2019-இல், 32 வயதில் இறந்தார். உறுதிக்கு அதற்கு மேல் என்ன அளவு வேண்டும்? நோய் உறுதியைப் பார்த்து வருவதுமில்லை, போவதுமில்லை.

ஓடியவரைத் தெய்வமாக்குவதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. 12 வயதில் புற்றுநோயால் காலை இழந்த ஸ்டீவ் ஃபோன்யோ, டெரி முடிக்க முடியாத பயணத்தை 1984–85-இல் ஓடி முடித்தார். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை 7,900 கிலோமீட்டருக்கு மேல், ஒரு கோடி டாலருக்கு மேல் நிதி. நாடு தோளில் தூக்கியது. பின்னாளில் போதைப் பழக்கமும் வழக்குகளுமாக அவர் வாழ்க்கை சரிந்தபோது, கொடுத்த தேசிய விருதைத் திரும்பப் பெற்றது. அவர் திரட்டிய பணம் புற்றுநோய்க்கு எதிரான வேலைக்குத்தான் போனது, அதில் மாற்றமில்லை. ஓடிய 14 மாதத்துக்குள் ஒரு மனிதனை அடைத்துவிட்டு, மீதி வாழ்நாளும் அப்படியே நிற்கச் சொல்வது நியாயமில்லை.

எனவே இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓடுவது எந்த நோயாளியின் கடமையும் அல்ல. வார்டு வராந்தாவில் சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து திரும்புகிறவர், கீமோவுக்கு மறுநாள் அரை டம்ளர் கஞ்சியை உள்ளே இறக்குகிறவர், எதுவும் முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர் யாரும் ஜேனைவிடக் குறைந்தவர் இல்லை.

சென்னைக்கு வந்த ஓட்டம்

டெரியின் ஓட்டம் பல நாடுகளுக்குப் போனதுபோல் சென்னைக்கும் வந்தது. ஐஐடி வளாகத்தில் அவர் பெயரில் ஓட்டம் நடந்திருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதன் கதையும் ஒரு துக்கத்தில் தொடங்கியதுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, மற்றவர்களிடம் நிதி கேட்டுக் கேட்டு 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் வி.சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இசடோர் ஷார்ப்பின் துக்கமும் முத்துலட்சுமியின் துக்கமும் ஒரே வேலையைச் செய்தன. தன் வீட்டு இழப்பை ஊருக்கான மருந்தாக மாற்றின.

பணமும் ஆராய்ச்சியும் சேர்ந்து என்ன செய்தன என்பதை டெரியின் நோயிலேயே பார்க்கலாம். இன்று ஆஸ்டியோசார்கோமா வந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலை வெட்டுவதில்லை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைக் கட்டுப்படுத்தி, கெட்ட எலும்பை மட்டும் எடுத்து, உள்ளே உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறார்கள். சென்னையில் இந்தச் சிகிச்சையை வளர்த்தவர்களில் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் முக்கியமானவர். டெரியின் வயதில், டெரியின் நோயோடு இன்று வரும் மாணவர், பெரும்பாலும் தன் இரண்டு காலிலும் வீட்டுக்கு நடந்து போகலாம். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் எட்ட வேண்டுமானால் நன்கொடை மட்டும் போதாது. நோயை நேரத்தில் கண்டுபிடிக்கும் அரசு மருத்துவமனையும், காசில்லாதவருக்கும் கிடைக்கும் மருந்தும் வேண்டும். ஒரு நோயாளி ஓடித் திரட்டுவதை வைத்து இன்னொரு நோயாளியின் மருந்துச் செலவை ஒரு சமூகம் நிரப்புமானால், அது பெருமைக்குரிய நிலை அல்ல. ஓட்டம் கதவைத் தட்டுவது மட்டுமே. திறக்க வேண்டியது உள்ளே இருப்பவர்கள்.

உடன் ஓடியவர்

1992-இல் ஃப்ரெட் லெபோ ஓடிய அந்த 5 மணி 32 நிமிடமும் அவர் பக்கத்தில் ஒருவர் ஓடினார். நார்வே நாட்டின் கிரேட்டே வைட்ஸ். அதே நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்றவர். அந்தத் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய கால்கள் அவருடையவை. அன்று அவர் லெபோவை இழுத்துக்கொண்டு போகவில்லை, முன்னால் ஓடி வழிகாட்டவும் இல்லை. நண்பரின் வேகம் என்னவோ அதுவே தன் வேகம் என்று, தனக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் சாலையில் இருந்தார். இருவரும் சேர்ந்தே கோட்டைக் கடந்தார்கள்.

பின்னாளில் வைட்ஸுக்கும் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் இருந்துகொண்டே 2007-இல், புற்றுநோயாளிகள் உடற்பயிற்சி செய்ய உதவும் ஓர் அறக்கட்டளையை நார்வேயில் தொடங்கினார். அது அந்நாட்டு மருத்துவமனைகளுக்குள்ளேயே பயிற்சிக்கூடங்களை அமைத்தது. கீமோ முடிந்து வருகிறவர், அன்றைய உடம்புக்கு ஏற்ற அளவில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சைக்கிளை மிதிக்கலாம். 2011-இல் வைட்ஸ் இறந்தார்.

ஓடுகிறவர் நம்மிடம் கேட்பது அதைத்தான். தலைக்கு ஒரு டாலர், பக்கத்தில் ஓர் ஆள், தன் வேகத்துக்கு இறங்கிவரும் கால்கள்.